விண்மீன்களின் விட்டம் அளந்த வரலாறு

மார்கழி மாதத்து முன்னிரவிலே கீழ்வானத்தை நோக்குவார்க்குச் செந்நிறம் வாய்ந்த திருவாதிரை மீன் எளிதிற் புலப்படும். சைவ மக்கள் அம்மீனுக்குரிய நாளை விழாவெடுத்துப் போற்றுவர். மேனாட்டார் அதனைப் பீற்றல்யூஸ் என வழங்குவர். அம்மீன் எவ்வளவு பெரியது? இவ்வினா மிகப் பழையது. ஆயின் அதற்கு அளவையின்பாற்பட்ட முதல் விடை கிடைத்தது 1920 ஆம் ஆண்டிலேயாம். அதற்கு முன் முந்நூறு ஆண்டுக்கு மேலாக அறிஞர் பலர் விண்மீன்களின் பருமனை அளக்க முயன்றனர். அம்முயற்சிகளை ஒழுங்குபட ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. விண்மீனை அளந்துவிட்டதாக ஒவ்வொரு தலைமுறையும் எண்ணிய காலத்தில், அது அளந்தது பெரும்பாலும் தன் கண்ணின் குறையையே. அன்றேல் தன் கருவியின் குறையையே. அக்குறை இன்னதெனத் தெளிந்த பின்னரே அடுத்த படியில் அடி வைத்தல் இயல்வதாயிற்று.

ஒரு பொருளின் இரு விளிம்புகளிலிருந்தும் கண்ணுக்கு வரும் கோடுகளுக்கிடையே அமையும் கோணம் அப்பொருளின் கோணவிட்டம் எனப்படும். ஒரு பாகை 60 கலையாகவும் ஒரு கலை 60 விகலையாகவும் பகுக்கப்படும். ஞாயிறும் திங்களும் ஏறக்குறைய அரைப் பாகை, அஃதாவது 30 கலை அளவினவாய்த் தோன்றுகின்றன. கோணவிட்டமும் தொலைவும் தெரியின் பொருளின் உண்மை விட்டத்தைக் கணித்தல் சிறு பிள்ளைக்கும் இயலும். விண்மீன்களைப் பொறுத்தவரை அக்கோணத்தை அறிதலே பெருந்தடையாயிருந்தது.

தைக்கோ எழுப்பிய தடை

தொலைகாட்டி தோன்றுமுன், வெறுங் கண்ணால் வானை அளந்தாருள் தலைசிறந்தவர் தென்மார்க்கு நாட்டினரான தைக்கோ பிராகே ஆவர். முதற்றர ஒளியுடைய மீன்கள் 2 கலை விட்டமுடையன என்றும், மூன்றாந் தரத்தன ஏறக்குறைய 1 கலை விட்டமுடையன என்றும் அவர் மதித்தார். இம்மதிப்பு வெறும் எண்ணாக நின்றுவிடவில்லை. பூமி ஞாயிற்றைச் சுற்றுகின்றதெனக் கொப்பர்னிக்கஸ் நாட்டிய கொள்கைக்கு மாறாக அது ஒரு வாதமாயிற்று.

அவ்வாதம் வருமாறு: பூமி ஆண்டுதோறும் ஞாயிற்றைச் சுற்றிவருமாயின் விண்மீன்கள் சிறிதேனும் இடம்பெயர்ந்து தோன்றல் வேண்டும். தைக்கோவின் நுண்ணிய கருவிகளுக்கும் அத்தகைய பெயர்ச்சி எதுவும் புலப்படவில்லை. ஆகவே, கொப்பர்னிக்கஸ் கூற்று மெய்யாயின் விண்மீன்கள் அளவிறந்த தொலைவில் இருத்தல் வேண்டும். அத்துணைத் தொலைவிலிருந்தும் ஒரு கலை விட்டமுடையதாய்த் தோன்றும் மீன், பூமி செல்லும் ஒழுக்கு முழுவதையும் ஒத்த பருமனுடையதாதல் வேண்டும். இஃது அறிவுக்குப் பொருந்துமா எனத் தைக்கோ வினவினார். வாதத்தின் நெறியிற் பிழையில்லை. பிழை அவர் கொண்ட கோணவிட்டத்திலேயே இருந்தது. கண்ணின் மணியும் பாவையும் ஒளியைப் பரப்பிக் காட்டிய பொய்யுருவையே அவர் மீனின் உருவமெனக் கொண்டார். ஒரு தவறான அளவை, சரியான கொள்கையொன்றுக்கு எவ்வளவு வலிய பகையாகலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இத்தடையை நீக்க முயன்றவர் இத்தாலி நாட்டுக் கலிலியோ ஆவர். அவர் ஒரு மெல்லிய கயிற்றைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னே யாழ் மீன்கூட்டத்தைச் சேர்ந்த அபிசித்து மீன் சரியாக மறையும் வரை பின்வாங்கிச் சென்று நின்றார். கயிற்றின் தடிப்பையும் தம் கண்ணுக்கு அதன் தூரத்தையும் கொண்டு கணித்தபோது மீனின் விட்டம் 5 விகலை எனப் பெறப்பட்டது. கண்ணின் பாவை ஒரு புள்ளியன்று, அகலமுடையது என்பதனையும் உணர்ந்து அதற்குரிய திருத்தத்தையும் அவர் செய்தார். 1632 இல் வெளிவந்த உரையாடல் நூலில் இச்செய்தியை விளக்கிய அவர், தைக்கோவின் அளவு இருபது மடங்குக்கு மேல் மிகைப்பட்டதென்று காட்டினார். கலிலியோவின் நெறி பாராட்டத்தக்கதே. எனினும் அபிசித்தின் விட்டம் ஏறக்குறைய 0.003 விகலையே என்பது இன்று தெளிவு. கலிலியோ பெற்ற விடை உண்மையினும் ஆயிரத்தைந்நூறு மடங்கு பெரிது. கயிறு பிழைத்திலது, வளிமண்டலமும் ஒளியின் இயல்புமே அவரை ஏமாற்றின.

உண்மையை முதலிற் சுட்டியது திங்கள் ஆகும். 1637 இல் எரேமியா கொறொக்ஸ் என்னும் இளம் ஆங்கிலேயர், திங்கள் கார்த்திகை மீன்களை மறைத்துச் செல்வதை அவதானித்தார். மீன்கள் சிறிது சிறிதாக மங்காமல் இமைப்பொழுதில் மறைந்தன. ஐந்து விகலை விட்டமுடைய வட்டத்தைத் திங்களின் விளிம்பு கடக்கப் பல விநாடிகள் செல்லும். ஆகவே தொலைகாட்டியிற் காணப்பட்ட வட்டம் மெய்யானதன்று. 1720 இல் எட்மண்ட் ஹேலியும் இவ்வாதத்தையே எடுத்து வலியுறுத்தினார். நியூற்றன் கண்ணை நம்பாது கணக்கை நம்பினார். ஞாயிற்றை ஒரு முதற்றர மீன்போல் மங்கித் தோன்றும் தொலைவுக்கு அகற்றினால் அதன் விட்டம் எவ்வளவாகும் எனக் கணித்து, ஏறக்குறைய 0.002 விகலை என்னும் விடையைக் கண்டார். அவர் மறைந்தபின் 1728 இல் வெளிவந்த நூலில் இஃது உள்ளது. அளவுகருவி எதுவுமின்றி, பகுத்தறிவொன்றாலேயே பெற்ற அவ்விடை, அது வரை கருவிகொண்டு பெற்ற விடைகள் அனைத்திலும் உண்மைக்கு அண்மையில் நின்றது.

தொலைகாட்டியில் மீன் ஏன் வட்டமாகத் தோன்றுகின்றது என்னும் வினாவுக்கு 1835 இல் ஜோர்ஜ் எயரி கணித விடை தந்தார். ஒளி அலையாதலின், வட்டமான வாயிலினூடு புகும்போது விளிம்பிலே வளைந்து பரவுகின்றது. அதனால், புள்ளியே ஆயினும் அது சிறு வட்டமாகவும் அதனைச் சூழ்ந்த வளையங்களாகவும் தோன்றும். வாயில் பெருகப் பெருக வட்டம் சிறுகும். ஆகவே, நல்ல தொலைகாட்டியிற் காணப்படும் வட்டம் விண்மீனின் அளவைக் கூறாது. தொலைகாட்டியின் அளவையே கூறும்.

உருவத்தைத் துறந்த வழி

ஒளி அலையாயிருத்தல் ஒரு தடையாகத் தோன்றிய காலத்தில், அத்தடையையே கருவியாக்கலாம் என்று எண்ணியவர் பிரான்சிய அறிஞர் பீசோ ஆவர். 1868 இல் வெளிவந்த அறிக்கையொன்றில் அவர் அக்கருத்தைச் சுருங்கக் கூறினார். தொலைகாட்டியின் வாயை மூடி, அம்மூடியில் ஒன்றுக்கொன்று விலகிய இரு துளைகளை மட்டும் வைத்தால், அவற்றினூடு வரும் இரு கதிர்களும் ஒன்றோடொன்று கலந்து ஒளிவரிகளையும் இருள்வரிகளையும் மாறிமாறித் தோற்றுவிக்கும். இரு அலைகளின் முகடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுமிடத்து ஒளி மிகும். முகடும் பள்ளமும் சேருமிடத்து இருள் தோன்றும். இந்நிகழ்ச்சி தலையீடு எனப்படும்.

விண்மீன் ஒரு புள்ளியாயின் துளைகளை எவ்வளவு விலக்கினும் வரிகள் தெளிவாகவே இருக்கும். அது சிறிதேனும் அகன்ற வட்டமாயின், வட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய வரிகளைச் சிறிது விலகிய இடத்தில் அமைக்கும். துளைகளை மேன்மேலும் விலக்கும்போது, ஒரு பகுதியின் ஒளிவரி மற்றொரு பகுதியின் இருள்வரிமீது விழுந்து, ஈற்றில் வரிகள் முழுவதும் மறைந்துபோகும். அவ்வாறு மறையும் நிலையில் துளைகளுக்கிடையேயுள்ள தூரமும் ஒளியின் அலைநீளமும் தெரியின் கோணவிட்டம் பெறப்படும். விண்மீனின் உருவத்தைக் காண வேண்டியதில்லை. வரிகள் மறையும் இடத்தைக் கண்டாற் போதும். காண்டலை விட்டுக் கணித்தலைப் பற்றிய இம்மாற்றமே இவ்வரலாற்றின் திருப்பமாகும்.

பீசோவின் கருத்தைச் செயற்படுத்தியவர் மார்செயில் நகரத்து அவதான நிலையத்தைச் சேர்ந்த ஸ்தெபான். 80 சென்ரிமீற்றர் ஆடி கொண்ட தொலைகாட்டியிலே துளைகளை 65 சென்ரிமீற்றர் வரை விலக்கி, 1873, 1874 ஆம் ஆண்டுகளில் ஒளிமிக்க மீன்கள் பலவற்றை நோக்கினார். எதிலும் வரிகள் மறையவில்லை. ஆகவே அம்மீன்களின் விட்டம் 0.158 விகலையினும் மிகக் குறைந்தது எனத் துணிந்து கூறி அமைந்தார். ஒரு மீனின் விட்டத்தையும் அவர் கண்டிலர். ஆயின் தம் கருவியால் இயன்றது எது, இயலாதது எது என்பதை எண்ணால் வரையறுத்துக் கூறிய பெருமை அவருக்குரியது.

இதே கருத்தை ஐக்கிய அமெரிக்காவில் அல்பேட் மைக்கல்சன் 1890 இல் விரிவாக ஆராய்ந்தார். அடுத்த ஆண்டில் லிக் அவதான நிலையத்தின் 12 அங்குலத் தொலைகாட்டிகொண்டு வியாழனின் நான்கு பெருந் துணைக்கோள்களின் விட்டங்களை அளந்து, நெறி பிழையாதென நிலைநாட்டினார். ஆயின் விண்மீன்களுக்கு அந்நெறியைப் பயன்படுத்த அவர் மேலும் முப்பது ஆண்டு காத்திருக்க நேர்ந்தது.

1920 ஆம் ஆண்டுத் திருவாதிரை

கலிபோர்ணியாவிலுள்ள வில்சன் மலையில் 100 அங்குல ஆடியுடைய தொலைகாட்டி அப்பொழுது உலகில் மிகப் பெரியதாயிருந்தது. அதன் உச்சியிலே 20 அடி நீளமான உருக்குச் சட்டமொன்று குறுக்காகப் பொருத்தப்பட்டது. சட்டத்தின்மேல் நான்கு சமதள ஆடிகள் வைக்கப்பட்டன. வெளிப்புற ஆடிகளிரண்டும் விண்மீனின் ஒளியை ஏற்று உட்புற ஆடிகளுக்கு அனுப்ப, அவை அதனைத் தொலைகாட்டியுட் செலுத்தின. வெளியாடிகளை வேண்டியவாறு விலக்கலாமாதலின், 100 அங்குலத் தொலைகாட்டி இத்தேவைக்கு 20 அடித் தொலைகாட்டிபோலப் பயன்பட்டது.

1920 டிசம்பர் 13 ஆம் நாள் இரவு பிரான்சிஸ் பீஸ், அண்டர்சனின் துணையோடு அக்கருவியைக் கையாண்டார். ஆடிகள் 121 அங்குலம், அஃதாவது ஏறக்குறைய 3.07 மீற்றர், விலக்கி வைக்கப்பட்டிருந்தன. முதலில் வேறு மீன்களை நோக்கிக் கருவி செவ்வையாக்கப்பட்டது, வரிகள் தோன்றின. பின்னர் கருவி திருவாதிரைமீது திருப்பப்பட்டது, வரிகள் தோன்றவில்லை. கருவி நிலைகுலைந்ததனால் அவை மறைந்தனவோ? அந்த ஐயத்தைப் போக்கும்பொருட்டுப் பீஸ் புரோசியன் மீனை நோக்கினார். ஆடிகள் அதே தூரத்தில் நிற்க, வரிகள் தெளிவாகத் தோன்றின. குறை கருவியில் இல்லை. வரிகள் மறைந்தமைக்குக் காரணம் திருவாதிரையின் அகலமே என்பது அப்பொழுது உறுதியாயிற்று. தைக்கோ காலந்தொட்டு அளப்பவரை ஏமாற்றிவந்த அந்த ஐயத்தை அளவையின் ஓர் உறுப்பாகவே ஆக்கியதிற்றான் அவ்விரவின் வெற்றி அடங்கியிருந்தது.

கணக்கு மிக எளிது. ஒளியின் அலைநீளத்தை 1.22 ஆற் பெருக்கி, ஆடிகளின் தூரத்தால் வகுத்தால் கோணம் கிடைக்கும். விடை 0.047 விகலை. ஓர் அங்குல விட்டமுள்ள நாணயத்தை ஏறக்குறைய 110 கிலோமீற்றருக்கு அப்பால் வைத்து நோக்கினால் அது அத்துணைக் கோணம் உடையதாயிருக்கும். அவ்வாண்டிலேயே ஆதர் எடிங்ரன் என்னும் ஆங்கில அறிஞர், மீனின் நிறத்தையும் ஒளியையும் கொண்டு அதன் விட்டம் 0.051 விகலையாயிருத்தல் வேண்டுமென்று கொள்கையளவில் முன்கூறியிருந்தார். கொள்கையும் அளவையும் இவ்வாறு நெருங்கி வந்தமை வானியலார் அனைவரையும் மகிழ்வித்தது. அக்காலத்துக் கொண்ட தொலைவின்படி திருவாதிரையின் விட்டம் ஏறக்குறைய 38 கோடி கிலோமீற்றர் எனப் பெறப்பட்டது. ஞாயிற்றின் விட்டத்தைப் போல் இருநூற்றெழுபது மடங்குக்கு மேல். இன்று அம்மீனின் தொலைவு மேலும் மிகுதியென அறியப்பட்டிருத்தலின் அதன் பருமனும் மிகுதியே. விண்மீன்களுள் பூதங்களும் உள, குறளர்களும் உள என்னும் கொள்கை அன்று கருத்தளவில் நின்று காட்சியளவைக்கு வந்தது.

அக்கருவிகொண்டு கேட்டை, உரோகிணி, சுவாதி முதலான செம்மீன்கள் சிலவும் அளக்கப்பட்டன. ஆயின் ஏழு மீன்களோடு அம்முயற்சி நின்றுவிட்டது. சிறிய கோணங்களை அளக்கும்பொருட்டுப் பீஸ் 50 அடிச் சட்டமுடைய பெருங்கருவி ஒன்றை அமைத்தார். இரு ஆடிகளிலிருந்தும் வரும் ஒளியின் பாதைகள் அலைநீளத்தின் சிறு பின்னத்தளவு துல்லியமாய் ஒத்திருத்தல் வேண்டும். சட்டம் இம்மியளவு வளையினும் காற்று அலைக்கழிப்பினும் வரிகள் ஓடி மறையும். நம்பத்தக்க விடைகள் அதனாற் கிடைக்கவில்லை. மைக்கல்சன் 1931 இலும் பீஸ் 1938 இலும் மறைந்தனர். அவர்களுக்குப்பின் இத்துறை பல்லாண்டு உறங்கிக் கிடந்தது.

நீலகிரியிற் பிறந்தவர்

அதனை எழுப்பியவர் வானியலைத் தொழிலாகக் கொள்ளாத ஒரு மின்பொறியியலாளர். ஹான்பரி பிறவுண் என்னும் அவ்வாங்கிலேயர் 1916 இல் தமிழ்நாட்டின் நீலகிரி மலையிலுள்ள அருவங்காட்டிற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிலே றேடார்க் கருவிகளை உருவாக்குவதில் ஈடுபட்ட அவர், பின்னர் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் ஜோட்ரெல் பாங் நிலையத்திற் சேர்ந்து, விண்ணிலிருந்து வரும் வானொலியலைகளை ஆராய்ந்தார். வானொலி மூலங்கள் மிகச் சிறியனவாயின் அவற்றை அளக்கப் பன்னூறு கிலோமீற்றர் விலகிய வாங்கிகள் தேவைப்படலாம். அத்துணைத் தூரத்துக்கு அலைகளைச் சிதையாது கொணர்ந்து ஒன்றுசேர்த்தல் அன்று அரிது. அலைகளையே ஒன்றுசேர்ப்பதை விடுத்து, இரு வாங்கிகளிலும் அலையின் செறிவு ஏறியிறங்கும் முறையை மட்டும் ஒப்பிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். ரிச்சட் ருவிஸ் அவ்வெண்ணத்துக்குக் கணித அடிப்படை அமைத்தார். ஜெனிசனும் வங்காளத்து மிருணாள் குமார் தாஸ்குப்தாவும் அவரோடு உழைக்க, 1952 இல் அன்னமீன் கூட்டத்திலும் காசியோப்பியாவிலும் உள்ள வானொலி மூலங்கள் அளக்கப்பட்டன. அவ்வேளையில், வளிமண்டலத்தால் மூலமொன்று கடுமையாக மினுமினுத்தபோதும் அளவு சற்றும் மாறாதிருத்தலை அவர்கள் கண்டனர். மைக்கல்சனையும் பீசையும் தடுத்த வளிமண்டலம் இந்நெறியைத் தடுக்கவில்லை. அவ்வாறாயின் ஒளிக்கும் இதனைப் பயன்படுத்தலாமன்றோ?

இவ்வெண்ணம் பௌதிகவியலாரிடையே பெரும் பூசலை விளைத்தது. சத்திச்சொட்டுக் கொள்கையின்படி ஒளி தனித்தனித் துணிக்கைகளாக வந்து சேர்கின்றது. ஒரு துணிக்கை ஓர் ஆடியிற் படுவதற்கும் மற்றொன்று வேறோர் ஆடியிற் படுவதற்கும் யாது தொடர்பு இருத்தல் கூடும்? அத்தகைய தொடர்பு இல்லையென மறுத்தோர் பலர். சோதனை செய்து காணவில்லையென வெளியிட்டோரும் உளர். அச்சோதனைகள் போதிய நுண்மையுடையன அல்ல என ஹான்பரி பிறவுணும் ருவிஸும் கணக்கிட்டுக் காட்டினர். 1956 இல் எட்வேட் பேசெல் அவர்கள் பக்கம் நின்று கொள்கையை விளக்கினார். அவ்வாண்டிலேயே, போர்க்காலத் தேடொளி ஆடிகள் இரண்டைக்கொண்டு சிரியஸ் மீன் அளக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. முகில் மூடிய ஆங்கிலக் குளிர்கால இரவுகளிற் பெற்ற விடை 0.006 விகலைக்குச் சற்று மேற்பட்டிருந்தது. இப்பூசலின் பயனாக ஒளியின் இயல்பே மீண்டும் ஆராயப்பட்டது. றோய் கிளவ்பர் 1963 இல் அமைத்த கொள்கை இத்தொடர்பைச் செவ்வனே விளக்கிற்று. அவருக்கு 2005 இல் நொபெல் பரிசு கிடைத்தது. மீனின் விட்டத்தை அளக்கப் புகுந்த முயற்சி ஒளியைப் பற்றிய புதிய இயலொன்றுக்கு வித்திட்டது.

பின்னர் அவுஸ்திரேலியாவின் நரபிரை என்னும் ஊரருகே செறிவுத் தலையீட்டுமானி நிறுவப்பட்டது. ஒவ்வொன்றும் ஆறரை மீற்றருக்குக் குறையாத விட்டமும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட அறுகோண ஆடிகளும் உடைய இரு பெருந்தட்டுக்கள், 188 மீற்றர் விட்டமுள்ள வட்ட இருப்புப்பாதையில் ஓடி மீனைத் தொடர்ந்தன. அவை உருவத்தைக் காட்டும் ஆடிகள் அல்ல. மழைநீரை ஏற்கும் கலம்போல ஒளியைத் திரட்டும் தட்டுக்களே. ஒளிப்பாதையில் அலைநீளத்தின் பின்னமளவு துல்லியம் அதற்கு வேண்டியதில்லை. சென்ரிமீற்றர் அளவான பிழைகளையும் அது பொறுத்தது. 1963 இல் தொடங்கிய பணி 1972 இல் முடிவுற்றது. 32 மீன்களின் விட்டங்கள் 1974 இல் வெளியிடப்பட்டன. அவற்றுட் சிறியன ஏறக்குறைய 0.0004 விகலை. முன்கூறிய ஓரங்குல நாணயத்தைப் பூமியின் விட்டத்தை ஒத்த தூரத்துக்கு அகற்றினால் அத்துணைக் கோணம் கிடைக்கும். அவ்வளவைகளாலே வெம்மைமிக்க நீலமீன்களின் உண்மை வெப்பநிலை முதன்முறை நேராக அறியப்பட்டது. இரட்டை மீனாகிய சித்திரையின் தொலைவும் அந்நெறியால் 84 பாசெக் எனக் கணிக்கப்பட்டது. எனினும் ஒளிமிக்க மீன்களையன்றிப் பிறவற்றை அளக்கும் ஆற்றல் அக்கருவிக்கு இல்லை.

மீண்டும் மைக்கல்சன் நெறி

அக்குறையை நீக்கப் பழைய நெறியே மீண்டும் உயிர்பெற்றது. பிரான்சிய வானியலார் அந்துவான் லபெறி 1974 இல், 12 மீற்றர் விலகிய இரு தனித்தனித் தொலைகாட்டிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து அபிசித்தின் தலையீட்டு வரிகளைக் கண்டார். பீசுக்குக் கைகூடாத துல்லியத்தை லேசர்க் கதிரும் கணினியும் தந்தன. மைக்கல்சனின் சட்டம் நின்ற அதே வில்சன் மலையில் பின்னர் ஆறு தொலைகாட்டிகள் ஒன்றிணைக்கப்பட்டு, அவற்றுக்கிடையே 330 மீற்றர் வரை தூரம் பெறப்பட்டது. சில்லி நாட்டுப் பரணால் மலையிலும் பெருந் தொலைகாட்டிகள் அவ்வாறு இணைக்கப்பட்டன.

இவற்றாற் பெற்ற விடைகள் பழைய எடுகோளொன்றையும் தகர்த்தன. பீசோ முதலாக அனைவரும் மீனை வட்டமெனவே கொண்டு கணித்தனர். 2001 இல் திருவோண மீன் வட்டமன்று, தன் விரைந்த சுழற்சியால் நடுவிற் பிதுங்கியது என்பது காணப்பட்டது. 2005 இல் மகமீனின் நடுவிட்டம் துருவவிட்டத்திலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிகுந்ததெனக் கண்டறிந்தனர். கைவிடப்பட்டதெனக் கருதிய ஹான்பரி பிறவுணின் நெறியும் மீண்டது. காமாக் கதிர்களை ஆராய அரிசோனாவில் அமைத்த பெருந்தட்டுக்களைக்கொண்டு, 2019 டிசம்பரில் இரு மீன்கள் அந்நெறியால் அளக்கப்பட்டு 2020 இல் முடிபுகள் வெளியாயின. ஹான்பரி பிறவுண் 2002 இல் மறைந்துவிட்டமையின் அதனைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

திருவாதிரையோ ஈற்றில் தன் உருவத்தையே காட்டிற்று. வளிமண்டலத்துக்கு அப்பாற் சுற்றும் ஹபிள் தொலைகாட்டி 1995 இல் அதன் வட்டத்தைப் படம் பிடித்தது. ஞாயிறொழிந்த ஒரு மீனின் பரப்பு நேரே படமெடுக்கப்பட்டது அதுவே முதன்முறை. 2019 இன் ஈற்றிலும் 2020 இன் தொடக்கத்திலும் அம்மீன் வெறுங் கண்ணுக்கும் தெரியுமாறு மங்கிற்று. அப்பொழுது எடுத்த படங்களில் அதன் தென்பாகம் இருண்டிருந்தது. மீன் கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி மறைத்தமையே அதற்குக் காரணமென 2021 இல் ஆராய்ச்சியாளர் விளக்கினர். புள்ளியென நின்ற மீனுக்கு வடபாகம், தென்பாகம் எனப் பிரித்துப் பேசும் நிலை இன்று வந்துள்ளது. அந்நிலைக்கு வழி திறந்தவை பெரிய ஆடிகள் மட்டுமன்று. திருவாதிரையில் வரிகள் மறைந்ததும் அதனை நம்பிவிடாது புரோசியனை நோக்கிக் கருவியைத் திருப்பிய அந்த ஐயமும் அவ்வழியைத் திறந்தது.